கணினியின் கடிகாரம் தப்பியதும் நான் பட்ட பாடு

கணினித் திரையின் மூலையில் ஓடும் கடிகாரம் தப்பாக இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று யாராவது கேட்டால், எனக்கு ஆன நஷ்டத்தை வரிசையாகச் சொல்வேன். தேவையே இல்லாமல் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்ட கூலி, முடித்துக் கொடுக்க முடியாமல் போன ஒரு வேலைக்கு வரவேண்டிய பணம், பூட்டப்பட்டுவிட்ட ஒரு கணக்கு, அப்புறம் வாரக்கணக்கில் போன தூக்கம். இத்தனைக்கும் கோளாறு பொத்தான் அளவு பேட்டரி ஒன்றிலும், என் கணினியில் சேர்ந்தே இருந்த விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு ஓஎஸ்கள் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்கள்) நேரத்தைப் படிக்கும் விதத்திலும்தான் இருந்தது. ஒன்றை மற்றொன்று மறைத்துக்கொண்டதால்தான் இவ்வளவு இழுத்தது. யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் வந்தது இணையப் பிரச்சினை மாதிரிதான் இருந்தது. காலையில் கணினியைப் போட்டேன், மின்னஞ்சல் திறக்கவில்லை, வங்கித் தளம் திறக்கவில்லை, தேடுபொறிகூடத் திறக்கவில்லை. எதைத் தொட்டாலும் ‘இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்ற எச்சரிக்கை. இணையச் சேவை உதவி எண்ணுக்குப் போன் போட்டு வெகுநேரம் காத்திருந்து பேசினால், ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன், ஒன்றும் மாறவில்லை. ஆனால் அதே வைஃபையில் என் கைப்பேசி எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே இணைப்பில் ஒரு கருவி வேலை செய்து, இன்னொன்றில் எல்லாத் தளமும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால், ரவுட்டரை விட்டுவிட்டு அந்தக் கருவியின் தேதியைப் பாருங்கள். நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. தேதி, மாதம், ஆண்டு மூன்றையும் பாருங்கள். என் கணினியில் கடிகாரம் நள்ளிரவு தாண்டி சில நிமிடம் என்றது. அதன் மேல் கிளிக் செய்து பார்த்தால் ஆண்டு 2016.

தேதிக்கும் தளம் திறப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு டிஜிட்டல் சான்றிதழை நீட்டுகிறது. அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். இப்போதெல்லாம் இந்தச் சான்றிதழ்கள் குறுகிய காலத்துக்குத்தான் செல்லும். இலவசமாகச் சான்றிதழ் தரும் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ அமைப்பு பல ஆண்டுகளாக வழங்கிவரும் வழக்கமான சான்றிதழின் ஆயுள் 90 நாள். நம் கணினி 2016-ல் நிற்கிறது என்றால், அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறது. உலாவி செய்வது சரிதான். அந்த எச்சரிக்கையை மீறி ‘பரவாயில்லை, உள்ளே போ’ என்று அழுத்தும் பழக்கம் மட்டும் வேண்டாம். உண்மையான ஆபத்து வரும்போதும் கை அதே இடத்துக்குத்தான் போகும்.

தேதியைக் கையால் மாற்றினேன், எல்லாம் திறந்தது. மறுநாள் காலையில் மீண்டும் 2016. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வைரஸ் என்றார். விண்டோஸை மட்டும் அழித்துப் புதிதாகப் போட்டு, சில நாள் தன்னிடம் வைத்துப் பார்த்து, கடிகாரம் நொடிகூடப் பிசகவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது பொய்யில்லை, அவரிடம் இருந்தவரை பிசகவில்லைதான். வீட்டுக்கு வந்த மறுநாளே பழைய கதை. திரும்பக் கொண்டுபோனேன். மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகைக்கு வேறு கணினியே வாங்கிவிடலாம் போல இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த இடைவெளியில்தான் பெரிய அடி விழுந்தது. நான் வீட்டிலிருந்து ஆவணங்களைத் திருத்தி வடிவமைத்துக் கொடுப்பவன். காலையில் இணையத்தைத் தொடாமல் ஓரிரண்டு மணி நேரம் எழுதுவது வழக்கம். அப்படிச் சேமித்த கோப்புகளில் எல்லாம் 2016 என்ற தேதி விழுந்தது. பிறகு தேதியைச் சரிசெய்து இணையத்தில் சேர்ந்ததும், கோப்புகளை மேகக் கிடங்கோடு ஒத்திசைக்கும் மென்பொருள் ஓடியது. அது பார்ப்பது ஒன்றே ஒன்று, கடைசியாகத் திருத்திய தேதி. என் கணினியில் இருப்பது 2016-ஐச் சேர்ந்தது, கிடங்கில் இருப்பது நேற்றையது, ஆகவே கிடங்கில் இருப்பதே புதிது என்று முடிவு செய்து, காலையில் நான் எழுதியதன் மேல் நேற்றைய பிரதியை எழுதிவிட்டது. எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. இப்படித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது, ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவில் முழுவதையும் படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பத்திகள் காணவில்லை, திருத்திய அட்டவணைகள் திருத்தாத நிலையில் நின்றன. கிடங்கின் பழைய பிரதிகளில் தேடினேன், மேலேறாத கோப்புக்கு அங்கே ஏது பிரதி. அந்த வேலை கைநழுவியது, பணமும் வரவில்லை. அந்த இரவை இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

ஆகவே கடிகாரம் தப்பியிருப்பதைப் பார்த்தவுடன், அதைச் சரிசெய்வதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். ஒத்திசைவு மென்பொருளையும் தானியங்கி பேக்கப்பையும் நிறுத்துங்கள். அப்புறம் கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கி, விசித்திரமான தேதி உள்ளவற்றை எல்லாம் பென் டிரைவிலோ வேறு டிஸ்க்கிலோ நகல் எடுங்கள். அதன் பிறகு தேதியை மாற்றுங்கள். கடிகாரம் முன்னால் ஓடியிருந்தால் ஆபத்து வேறு பக்கம் திரும்பும்: எதிர்காலத் தேதி விழுந்த கோப்பு ஒவ்வொரு முறையும் தானே புதியது என்று நின்று, நிஜமாகவே புதிதான திருத்தங்களை அழிக்கும்.

அதன் பிறகு ஒரு தாளை எடுத்து மேசை மேல் வைத்தேன். ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் அது காட்டிய நேரம், உண்மையான நேரம், அதற்கு முன் எப்படி அணைத்தேன், எந்த ஓஎஸ்ஸிலிருந்து வந்தேன் என்று குறித்தேன். இந்த முழுத் துன்பத்திலும் உருப்படியான காரியம் அதுதான். தப்பு எவ்வளவு, எப்போது வருகிறது என்ற இரண்டும் தெரிந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும். கணினியில் உண்மையில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று மதர்போர்டில் இருப்பது, கணினி அணைந்திருக்கும்போதும் ஓடுவது. இன்னொன்று ஓஎஸ் தானே எண்ணிக்கொண்டிருப்பது. கணினி தொடங்கும்போது ஓஎஸ் மதர்போர்டிடம் மணி கேட்டுக்கொண்டு, அதன் பிறகு தானாக எண்ணத் தொடங்கும். அணைத்துப் போட்டதும் தப்பினால் முதல் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே நழுவினால் இரண்டாவதைப் பார்க்க வேண்டும்.

தாளில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. இரவில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்த நாள்களில் மட்டுமே 2016 வந்தது. மறந்துபோய் சுவிட்ச் போட்டபடியே இருந்த நாள்களில் ஆண்டு சரியாக இருந்தது. மேசைக் கணினியின் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, அணைத்த பிறகும் பவர் சப்ளையிலிருந்து ஒரு சின்ன மின்னோட்டம் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், கடிகாரம் அதில் பிழைத்துக்கொள்ளும். பிளக் பிடுங்கினால்தான் பேட்டரியின் யோக்கியதை தெரியும். பழுது பார்த்தவரிடம் கணினி எந்நேரமும் பிளக்கில்தான் இருந்திருக்கிறது.

பெட்டியைத் திறந்தேன். மதர்போர்டின் கீழ்ப் பக்கத்தில், கிராபிக்ஸ் கார்டின் நிழலில், மங்கிய வெள்ளிநிற வட்டம் ஒன்று தூசியோடு உட்கார்ந்திருந்தது. அதன் மேல் ‘சிஆர்2032’ என்று பொறித்திருந்தது, கூடவே கூட்டல் குறி. எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். ஓரத்தில் இருந்த சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளியதும் டக்கென்று எகிறி வந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். புதியதாக இருந்தால் 3 வோல்ட்டும் கொஞ்சம் அதற்கு மேலும் காட்ட வேண்டும். இது 1.4 காட்டியது. புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி அழுத்தினேன், பயாஸுக்குள் (ஓஎஸ் தொடங்கும் முன்பே ஓடும், மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரை) போய் தேதியும் நேரமும் வைத்தேன். சுவர் சுவிட்சை அணைத்தே இரவைக் கழித்தேன். காலையில் ஆண்டு சரியாக இருந்தது.

பேட்டரியை மாற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பேட்டரி செத்தாலோ கழற்றினாலோ, பல போர்டுகளில் பயாஸ் அமைப்புகளும் ஆதிநிலைக்குப் போகலாம். எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்க வேண்டும், டிஸ்க்கோடு எந்த முறையில் (ஏஹெச்சிஐ, ரெய்டு) பேச வேண்டும் என்பதெல்லாம் மாறினால் கணினி கிளம்பவே கிளம்பாது, டிஸ்க்கே போய்விட்டது என்று கலங்கிப் போவோம். முதலில் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியை வேறோர் இடத்தில் எழுதி வையுங்கள், பயாஸ் அமைப்பு மாறியதைக் கண்டு அது சாவி கேட்கக்கூடும். பிளக்கைப் பிடுங்காமல் பெட்டிக்குள் கை வைக்காதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பழைய பேட்டரியை மேசை மேல் விட்டுவிடாதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டே மணி நேரத்தில் கடுமையாகப் புண்ணாக்கிவிடும், தீர்ந்துபோன பேட்டரியும் அப்படித்தான். இந்த ஒன்றைப் படித்துவிட்டு மற்றதை மறந்தாலும் எனக்குச் சம்மதம்.

சரி, முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். சில நாளில் வேறு வடிவில் வந்தது. இப்போது ஆண்டு சரி, நாளும் பெரும்பாலும் சரி, மணி மட்டும் பல மணி நேரம் பின்தங்கியிருந்தது. தளங்கள் எல்லாம் திறந்தன, அதனால் முதலில் கண்ணில் படவே இல்லை. பட்டது வேறு இடத்தில். ஒரு முக்கியமான கணக்கில் நுழைய இரண்டாம் கட்டச் சரிபார்ப்பாக ஆறு இலக்கக் குறியீடு கேட்கும். அந்தக் குறியீட்டைக் காட்டும் செயலி என் கணினியில்தான் இருந்தது. போட்டேன், தவறு என்றது. அடுத்த எண் வரக் காத்திருந்து போட்டேன், அதுவும் தவறு. கடவுச்சொல்லை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று பயந்து மேலும் முயன்றேன், கணக்கு பூட்டிக்கொண்டது. திறக்க அடையாளச் சான்று அனுப்பி, பதில் வரும்வரை காத்திருந்து, மறுபடி அனுப்பி, அலைந்தேன். அந்தக் குறியீடு எங்கிருந்தோ வருவதில்லை. உங்கள் கருவியில் இருக்கும் ரகசிய எண்ணையும் அந்த நிமிட நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதுதான் அது, பொதுவாக 30 நொடிக்கு ஒரு முறை மாறும். சர்வர் தன் கடிகாரத்தை வைத்து அதே கணக்கைப் போடும். கொஞ்சம் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளும், மணிக்கணக்கில் என்றால் ஒருநாளும் பொருந்தாது. குறியீடு தொடர்ந்து தவறு என்று வந்தால் இரண்டாம் முறைக்கு மேல் முயலாதீர்கள், குறியீடு காட்டும் கருவியின் நேரத்தைப் பாருங்கள். கைப்பேசியில் அந்தச் செயலி இருந்தால் கைப்பேசியின் நேரம், கணினியில் இருந்தால் கணினியின் நேரம். அலுவலக நெட்வொர்க்குகளிலும் இதே போல ஒன்று உண்டு. கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையில் நுழையும் இடங்களில் வழக்கமாக 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சரியான கடவுச்சொல்லுக்கும் கதவு திறக்காது.

புதிய பேட்டரியே மட்டம் என்றுதான் முதலில் தோன்றியது. தாளைப் பார்த்தேன். லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குள் போகும்போது மட்டும் தப்புகிறது, அதுவும் ஒவ்வொரு முறையும் அதே அளவு. அந்த அளவு என் நேர மண்டலத்துக்கும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசமேதான், நிமிடம் பிசகாமல். செத்த பேட்டரி இவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்யாது. விண்டோஸ் மதர்போர்டுக் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அங்கே யுடிசி இருப்பதாக எடுத்துக்கொள்ளும். இணையத்தோடு நேரம் ஒத்திசைந்துவிட்டால் லினக்ஸ் பொதுவாக 11 நிமிடத்துக்கு ஒரு முறை தன் நேரத்தை மதர்போர்டில் எழுதியும் வைக்கும். அடுத்து வரும் விண்டோஸ் அந்த யுடிசி நேரத்தை உள்ளூர் நேரம் என்று படித்துவிடும். என் மண்டலம் யுடிசிக்கு முன்னால் இருப்பதால் கடிகாரம் பின்தங்கியது, பின்னால் இருக்கும் மண்டலத்தில் முன்னேறிப் போகும். செத்த பேட்டரியால் ஆண்டே தப்பிக்கொண்டிருந்த நாள்களில், இந்தச் சில மணி நேர வித்தியாசம் என் கண்ணுக்குப் படவே வாய்ப்பில்லாமல் இருந்திருக்கிறது.

தீர்வு இரண்டு உண்டு, ஏதாவது ஒன்றை மட்டும் செய்ய வேண்டும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம், அல்லது விண்டோஸை யுடிசிக்கு மாற்றலாம். இரண்டையும் செய்தால் பழையபடி முரண்தான், பக்கம் மட்டும் மாறியிருக்கும். நான் விண்டோஸை மாற்றினேன். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், நேர மண்டலத் தகவல் இருக்கும் பகுதியில் ‘ரியல்டைம்இஸ்யூனிவர்சல்’ (RealTimeIsUniversal) என்ற பெயரில் ஒரு மதிப்பை உண்டாக்கி 1 என்று வைத்தால் போதும். யுடிசியே மேல் என்பது என் எண்ணம். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்தும் நாடுகளில், உள்ளூர் நேரத்தை வைத்திருக்கும் இரண்டு ஓஎஸ்களும் ஆளுக்கொரு முறை நகர்த்திவிடும் அபாயம் உண்டு. லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல்’ (timedatectl) என்று அடித்துப் பாருங்கள். உள்ளூர் நேரம், பொது நேரம், மதர்போர்டுக் கடிகாரம் என்று தனித்தனி வரியில் காட்டும், கோளாறு எங்கே என்று ஒரே பார்வையில் தெரியும்.

இணையத்திலிருந்து தானாக நேரம் எடுத்துக்கொள்ளுமே, அது ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். டேவிட் மில்ஸ் 1985-ல் வகுத்த என்டிபி என்ற நெறிமுறைதான் இன்றும் இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் பெரிய வித்தியாசத்தைக் கண்டால் அது நம்பாமல் பின்வாங்கும்படி பல இடங்களில் அமைத்திருக்கிறார்கள், தப்பான சர்வர் ஒன்றின் பேச்சைக் கேட்டுக் கணினி ஆண்டுக்கணக்கில் தாவிவிடக் கூடாதே என்ற பாதுகாப்புக்காக. சாதாரண வீட்டு விண்டோஸில் வழக்கமான எல்லை 15 மணி நேரம். என்டிபிடி என்ற பழைய யூனிக்ஸ் நிரலில் 1,000 நொடி, அதைத் தாண்டினால் நிரலே நின்றுவிடும். ஆக, ஆண்டு தப்பியிருந்தால் முதலில் கையால் தேதியை அருகில் கொண்டுவந்து விட்டு, பிறகு அமைப்புகளில் தேதி நேரப் பக்கத்தில் ‘இப்போதே ஒத்திசை’ என்பதை அழுத்த வேண்டும்.

ஆண்டும் தப்பாமல், மணியும் தப்பாமல், மெதுவாக நழுவுவது இன்னொரு வகை. மதர்போர்டில் நொடிக்கு 32,768 முறை அதிரும் சின்னப் படிகம் ஒன்று இருக்கிறது. அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் ஒன்று வரும், அதுதான் ஒரு நொடி. பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகு அதற்குச் சகஜம், நாளுக்கு ஏறக்குறைய 1.7 நொடி, மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. வெப்பம் மாறினாலும் பிசகு மாறும். இணையத்தில் இருக்கும் கணினி மாதத்துக்கு நிமிடக்கணக்கில் நழுவினால், படிகத்தைக் குறை சொல்லும் முன் ஒத்திசைவு நடக்கிறதா என்று பாருங்கள். ‘விண்டோஸ் டைம்’ சேவை நின்றிருக்கலாம், அல்லது இணையத்திலிருந்து நேரம் வரும் வழியான யுடிபி 123 என்ற போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருக்கலாம். கணினிக்குள் மெய்நிகர் கணினி ஓட்டுபவர்களுக்கு, அதை இடைநிறுத்தி மீண்டும் எழுப்பும்போது நேரம் பின்தங்குவது வழக்கம், அதற்குள்ளும் ஒத்திசைவை இயக்கி வைக்க வேண்டும்.

மடிக்கணினி என்றால் ஆளை வைத்துத் திறப்பது நல்லது. சிலவற்றில் இந்தப் பேட்டரி ஒயரோடு உறைக்குள் இருக்கும், சிலவற்றில் போர்டோடு பற்ற வைத்திருப்பார்கள், சிலவற்றில் தனி பேட்டரியே இல்லாமல் பெரிய பேட்டரியிலிருந்தே கடிகாரம் ஓடும். அந்த வகையில் பெரிய பேட்டரி முழுக்க வடிந்தால் தேதியும் போகும்.

பழுது பார்ப்பவரிடம் கொடுக்க நேர்ந்தால், கடிகாரம் தப்புகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். எவ்வளவு தப்புகிறது, பிளக் பிடுங்கினாலா, ஓஎஸ் மாறினாலா, ஓடும்போதேவா என்று குறித்த தாளைக் கையில் கொடுங்கள். ஓஎஸ்ஸை அழிப்பதற்கு முன் பேட்டரியின் வோல்ட் எவ்வளவு என்று கேளுங்கள். சரியாகிவிட்டது என்று சொன்னால், ஓர் இரவு முழுக்க பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, காலையில் இணையத்தில் சேரும் முன் நேராக பயாஸுக்குள் போய்த் தேதியைப் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். விண்டோஸுக்குள் போய்ப் பார்த்தால் இடையில் ஏதாவது அதைத் திருத்தியிருக்கக்கூடும். அது வரை கூலியைக் கொடுக்க வேண்டாம்.